மிளகின் ஈரம் எங்கிருந்து வருகிறது

புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் எங்கள் கம்பனியின் களஞ்சியம் இருந்த நாட்களில் காலை எட்டு மணிக்கே மூக்கு எரியத் தொடங்கிவிடும். மிளகு, கறுவாத் தூள், சாதிக்காய், சாக்குத் தும்பு எல்லாம் கலந்த காற்று. உணவு விஞ்ஞானம் படித்துவிட்டு அங்கே தர உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். பதவிப் பெயர்தான் பெரிது. ஆய்வுகூட அறிக்கைகளைக் கோப்பில் போடுவது, வாங்குபவர் அனுப்பும் நீண்ட கேள்விப் படிவங்களை நிரப்புவது, வெளிநாட்டுக்காரர் பார்க்க வந்தால் எல்லார் தலையிலும் வலைத் தொப்பி மாட்டிவிடுவது. இவ்வளவுதான் வேலை.

அதுவரை பெரிய ஏற்றுமதியாளர்களுக்கும் இந்தியாவுக்கும் விற்றுக்கொண்டிருந்த முதலாளி, 2015இல் முதல் தடவையாகச் சொந்தப் பெயரில் ஐரோப்பாவுக்கு ஒரு கொன்டெய்னர் கறுப்பு மிளகு அனுப்பினார். கொழும்பில் எடுத்த ஆய்வுகூட அறிக்கை சுத்தம். ஏற்றிவிட்டு எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம். ஐந்து கிழமை கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. துறைமுகத்தில் எடுத்த மாதிரியில் ஒக்ராடொக்சின் ஏ என்ற பூஞ்சண நஞ்சு கிலோவுக்கு 27 மைக்ரோகிராம். மிளகுக்கு அவர்களுடைய எல்லை 15. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அந்தப் பன்னிரண்டு மைக்ரோகிராம் கூடியதால் அங்கேயே அழிக்கவேண்டும் அல்லது திருப்பி எடுக்கவேண்டும். யோசிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் களஞ்சிய வாடகை யூரோவில் ஏறிக்கொண்டிருந்தது.

முதலாளி என்னைத் திட்டவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் கூப்பிட்டுக் கேட்டார்: "மகள், இங்க சரியெண்டு சொன்ன சாமான் அங்க போய் எப்படிப் பிழைச்சது?"

பத்து வருடமாக நான் செய்துவரும் வேலை அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதுதான். பதிலில் ஒரு பாதி கொழும்பிலேயே கிடைத்தது. மற்றப் பாதிக்கு மிளகு விளையும் மாத்தளை போகவேண்டியிருந்தது.

கொழும்புப் பாதி வெட்கக்கேடானது. ஆய்வுகூடத்துக்குப் போன மாதிரியை எடுத்தது எங்கள் களஞ்சியப் பையன். கதவோரமாக இருந்த ஏழெட்டு மூட்டைகளின் வாயைத் திறந்து கையால் அள்ளி ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தான். அவனில் பிழையில்லை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆய்வுகூடமும் கொடுத்ததைத்தான் சோதித்தது. அறிக்கையின் அடியிலேயே பொடி எழுத்தில் "சமர்ப்பிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும்" என்று இருந்தது. பூஞ்சணம் மூட்டை முழுக்கப் பரவிப் பிடிப்பதில்லை. ஈரம் தங்கிய ஒரு மூலையில், ஒரு சாக்கின் அடியில், திட்டாகப் பிடிக்கும். அதனால்தான் ஐரோப்பாவில் பெரிய லொட் ஒன்றென்றால் நூறு இடத்தில் சிறிது சிறிதாக எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அரைத்துச் சோதிக்கிறார்கள். நாங்கள் எட்டு மூட்டையின் மேல்வாயைப் பார்த்து ஒரு கொன்டெய்னருக்கே நற்சான்றிதழ் எழுதியிருந்தோம்.

அன்றிலிருந்து அரிசிக் கடைக் குத்தூசிதான் என் முதல் கருவி. மூட்டையின் நடுவிலும் அடியிலும் குத்தி எடுப்பேன். அடுக்கி முடித்த பிறகு உள்ளே கை போகாது என்பதால் லொறியிலிருந்து இறக்கும்போதே எடுத்துவிடுவேன். கலந்த மாதிரியை மூன்றாகப் பிரித்து முத்திரை வைப்போம்: ஒன்று ஆய்வுகூடத்துக்கு, ஒன்று வாங்குபவருக்கு, ஒன்று எங்கள் அலுமாரிக்கு. காசு கைக்கு வரும்வரை அலுமாரியில் இருப்பதை யாரும் தொடக்கூடாது. இந்த ஒரு பழக்கம் பிற்பாடு இரண்டு தகராறுகளில் எங்களைக் காப்பாற்றியது.

நீராவியில் கிருமி நீக்கினால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். சல்மொனெல்லாவுக்கு அது சரி. 25 கிராம் மாதிரியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்ற விதியை அப்படி எட்டலாம். ஒக்ராடொக்சினும் அஃப்லாடொக்சினும் உயிரில்லாத இரசாயனங்கள். பூஞ்சணம் செத்த பிறகும் அது விட்டுப்போன நஞ்சு மணிக்குள் அப்படியே கிடக்கும். கொழும்பில் என்ன இயந்திரம் பூட்டினாலும், தோட்டத்து முற்றத்தில் முதல் மூன்று நாளில் நடந்ததைத் திருத்த முடியாது. ஆகவே மாத்தளை.

உக்குவளைப் பக்கம் எங்களுக்கு மிளகு சேர்த்துத் தரும் ஒரு கடைக்காரர் இருந்தார். நான் போன அன்று அவருடைய கடை முன் ஒரு அக்கா இரண்டு உரப்பைகளில் மிளகு கொண்டுவந்திருந்தார். கையை விட்டுப் பார்த்தேன், உள்ளே வெதுவெதுப்பு. கடைக்காரர் ஒரு மணியைப் பல்லில் வைத்து நறுக்கிவிட்டு, "கழிவு எட்டு" என்றார். நூறு கிலோவில் எட்டுக் கிலோவுக்குக் காசில்லை. எதை வைத்து எட்டு என்று அந்த அக்கா கேட்கவில்லை.

நான் கேட்டது, இன்னும் மூன்று நாள் காயவைத்திருக்கலாமே என்று. படித்தவள் கேட்கும் கேள்வி. அந்த அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"மிஸ், மூணு நாள் காயப்போட்டா மூணு நாளும் காவல் இருக்கணும். நான் கொழுந்துக்குப் போயிட்டா யாரு இருக்கிறது? கொடியிலேயே களவு போகுது. இன்னிக்குக் குடுத்தா இன்னிக்கே காசு. ஸ்கூல் வேனுக்கு இன்னிக்குக் கட்டணும்."

பிறகு கடைக்காரரின் கொப்பியைப் பார்த்தேன். அந்த அக்கா ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தார். கொண்டுவந்த மிளகில் பாதி, பறிக்குமுன்னரே விற்றுப்போன மிளகு.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு கணக்குப் போட்டேன். இன்றுவரை பயிற்சி வகுப்பு நடத்த வருகிற எல்லாருக்கும் அதைத்தான் முதலில் காட்டுகிறேன். 16 வீத ஈரத்தில் 100 கிலோ மிளகு இருக்கிறது. அதில் உலர் பொருள் 84 கிலோ. அதையே கொடெக்ஸ் என்ற சர்வதேச உணவு நியமம் கேட்கிற 12 வீதத்துக்குக் காயவைத்தால் நிறை ஏறத்தாழ 95.5 கிலோ. விவசாயி மூன்று நாள் காவலிருந்து, மழைக்கு ஓடி ஓடி அள்ளி, கடைசியில் நாலரைக் கிலோவைக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறார். கடையில் விலை கண்மதிப்பு என்றால் அந்த உழைப்புக்கு அவருக்குக் கிடைப்பது நட்டம். ஈரமாக விற்பது அறியாமை என்று எங்கள் பயிற்சிக் கையேடுகள் எழுதுகின்றன. அது முழுக் கெட்டித்தனம். அந்த விலைமுறையில் நானும் ஈரமாகத்தான் விற்பேன்.

இன்னொன்றும் இருந்தது. முற்றாத, பாரம் குறைந்த மிளகுக்கு இந்தியாவில் எப்போதும் ஆள் உண்டு. எண்ணெயும் ஒலியோரெசின் என்ற காரச் சாறும் பிழியும் தொழிற்சாலைகளுக்கு மணியின் அழகு தேவையில்லை. எங்கள் மிளகின் காரம்தான் தேவை. 2000இல் இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு அந்த வழி இன்னும் லேசானது. முற்றுமுன் பறித்தால் கள்ளனுக்கும் முந்திவிடலாம். ஆக, ஐரோப்பாவின் தரத்துக்குப் போட்டி மிளகு விற்கிற வியட்நாம் மட்டுமில்லை. பக்கத்துக் கடையில் தரமே கேட்காமல் வாங்குகிற கையும் போட்டிதான்.

அந்தக் காலத்தில் உதவித் திட்டம் ஒன்று எங்களையும் சேர்த்துக்கொண்டது. பெயர் வேண்டாம். கொள்ளுப்பிட்டியில் ஹோட்டல், கழுத்தில் அட்டை, நல்ல பகல் சாப்பாடு, ஆங்கிலத்தில் எண்பது ஸ்லைட். வந்திருந்த விவசாயிகளில் பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் சிங்களம். மொழிபெயர்க்க வந்தவர் இடையில் களைத்துப்போய் "அதாவது சுத்தமா வச்சிருக்கணும்" என்று நாலு ஸ்லைட்டை ஒன்றாக முடித்தார். கடைசி நாள் ஆளுக்கொரு சான்றிதழ், குழுவுக்கொரு ஈரமானி. ஆறு மாதம் கழித்துப் போனால் ஒரு ஈரமானிக்கு பற்றரி இல்லை. இன்னொன்று கோப்பிக்கொட்டைக்கு வைத்த இலக்கத்திலேயே மிளகை அளந்துகொண்டிருந்தது. மூன்றாவது சான்றிதழுடன் சேர்ந்து சாமிப்படத்துக்குக் கீழே இருந்தது.

எல்லாத் திட்டமும் அப்படியில்லை. கொஸ்கொடையில் கறுவாவுக்கென்று ஒரு பயிற்சி நிலையம் வந்தது. உலக வர்த்தக அமைப்பில் இயங்குகிற எஸ்.டி.டி.எஃப். நிதியும் ஐ.நா.வின் தொழில் அபிவிருத்தி அமைப்பான யுனிடோவும் உள்ளூர் வாசனைத் திரவியச் சபையும் சேர்ந்து செய்தது. பட்டை உரிப்பவர்கள் தரையில் குந்தியிருந்து செய்த வேலையை மேசைக்குக் கொண்டுவந்து, அதை ஒரு தொழிலாக மதித்து சான்றிதழ் கொடுத்தார்கள். கறுவாவில் இன்னொரு பாடமும் உண்டு. புகைபோடும்போது தங்கும் கந்தகவீரொட்சைட்டுக்கு கொடெக்ஸ் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வரை இடம் கொடுத்திருந்தது. அதற்கு இடம் கொடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் கறுவாவே இருக்கவில்லை. நம்மவர்கள் சண்டை பிடிக்காமல் தரவு கொண்டுபோய்க் கேட்டார்கள். பிறகு இலங்கைக் கறுவாவுக்கு மட்டும் அதே 150 கிடைத்தது. 2022 பெப்ரவரியில் "சிலோன் சினமன்" ஐரோப்பாவில் புவிசார் குறியீடும் பெற்றது. நியமத்தை எட்டுவதற்கு உதவுவது ஒன்று. நியமம் எழுதப்படும் மேசையில் போய் உட்கார உதவுவது இன்னொன்று. இரண்டாவதற்கு ஆள் அனுப்ப நம்மிடம் எப்போதும் டிக்கெட் காசு இருப்பதில்லை.

சரி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதல் வருடம் பிழையாகப் போனது. பயிற்சிக்கு வந்து சான்றிதழ் வைத்திருப்பவருக்குக் கிலோவுக்கு மேலதிக விலை என்று அறிவித்தோம். எல்லாரும் பயிற்சிக்கு வந்தார்கள். மிளகு அதே மிளகு.

இரண்டாம் வருடம் சான்றிதழைக் கேட்பதை விட்டோம். தராசுக்குப் பக்கத்தில் ஈரமானியை வைத்தோம். 12க்குக் கீழே ஒரு விலை, 12 முதல் 14 வரை ஒரு விலை, அதற்கு மேல் வாங்குவதில்லை. பல்லால் கடித்துக் கழிவு சொல்வது நின்றது. இலக்கத்தை விவசாயியே பார்ப்பார். விலைப்பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் சுவரில் இருந்தது. 12க்குக் கீழே கொண்டுவருபவருக்குக் கொடுத்த மேலதிகம், காற்றுக்குப் போன நாலரைக் கிலோவின் விலையை ஈடுகட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் இருக்கவேண்டும். அந்தக் "கொஞ்சம்"தான் மூன்று நாள் காவலுக்கான கூலி. அதைக் குறைத்துப் பார்த்த மாதத்தில் ஈரம் உடனே ஏறியது, ஈரமானியே சொல்லிக்கொடுத்தது.

கடைக்காரரை வெட்டிவிட்டு நேரே விவசாயியிடம் வாங்குங்கள் என்று ஆலோசகர்கள் எல்லாரும் சொன்னார்கள். நான் எதிர்த்தேன். இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அந்த அக்கா கதவைத் தட்டுவது கொழும்புக் கம்பனியின் கதவை இல்லை. அவரை வெட்ட முடியாது, மாற்றத்தான் முடியும். ஈரமானியை அவருடைய கடையிலேயே வைத்தோம். 12க்குக் கீழே சேரும் ஒவ்வொரு கிலோவுக்கும் அவருக்கும் ஒரு பங்கு. முதலில் சந்தேகமாகப் பார்த்தவர், இரண்டாவது பருவத்தில் தன் சொந்தக் காசில் படங்கு வாங்கி வாடகையில்லாமல் கொடுக்கத் தொடங்கினார். முன்பணத்தையும் நாங்கள் அவர் வழியாகவே வட்டியில்லாமல் கொடுத்தோம். 48 குடும்பங்கள். முதலாளி அந்தக் காசை "கொழும்பில் ஒரு ஆய்வுகூடச் சாமான் வாங்கினதா நினைச்சுக்கொள்றன்" என்றார்.

முற்றத்து வேலையில் நாங்கள் வலியுறுத்தியது கொஞ்சம்தான். பறித்த மணியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் ஒரே கறுப்பாக வரும், கிருமியும் குறையும், காய்வதும் வேகம். ஒரு நாள் மிச்சம் என்பதால் இதை யாரும் வற்புறுத்தத் தேவையிருக்கவில்லை. படங்கைச் சுற்றி பழைய மீன்வலை: கோழிக்கும் நாய்க்கும். சல்மொனெல்லா எங்கிருந்து வருகிறது என்று பெரிய ஆராய்ச்சி வேண்டாம், படங்கின் நடுவில் ஒரு கோழி நின்று சீய்ப்பதைப் பார்த்தாலே போதும். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேல் பரணில் காயவைப்பதுதான் கஷ்டமான விஷயம். புகை மணியில் ஏறி, அந்தறாகுயினோன் என்று அறிக்கையில் தெரியும். விவசாயி தெளிக்காத ஒரு பொருளுக்கு "பீடைகொல்லி எச்சம்" என்று பெயர் வரும். இதை விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. கடைசியில் ஒரு தாத்தா, "அப்ப மழைக்கு நீங்களே ஒரு வழி சொல்லுங்க" என்றார். பொலித்தீன் கூடாரம் போட்டோம், பாதி வழிதான் அது.

ஈரமானி இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: நன்றாகக் காய்ந்த உப்பையும் மிளகையும் ஒரு காய்ந்த கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடிக் குலுக்கிவிட்டு சற்று விடுங்கள். உப்பு போத்தலில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாவிட்டால் 12 என்று அர்த்தமில்லை, அதை மறக்கக்கூடாது.

வாங்குபவரோடு ஒப்பந்தம் எழுதும்போது ஈரத்தை எந்த முறையில் அளப்பது என்று கட்டாயம் எழுதுங்கள். எங்களுக்கு ஒரு தடவை 13.4 என்று சொல்லி விலை குறைக்கப் பார்த்தார்கள். அவர்கள் வெப்ப அடுப்பில் வைத்து உலர்த்தி அளந்திருந்தார்கள். மிளகை அப்படிச் சூடாக்கினால் நீரோடு வாசனை எண்ணெயும் பறக்கும். பறந்ததையெல்லாம் ஈரமாகக் கணக்கெடுத்துவிடுவார்கள். வாசனைத் திரவியத்துக்கான முறை ஐ.எஸ்.ஓ. 939, காய்ச்சி வடித்து நீரை மட்டும் அளப்பது. அலுமாரியில் முத்திரையோடு இருந்த மாதிரியை அந்த முறையில் சோதித்தபோது 11.9. விலை குறையவில்லை. நல்ல மிளகு என்பதாலேயே ஈரமாகத் தெரிகிற மிளகு எங்களுடையது.

சாக்கையும் கவனிக்கவேண்டும். சணல் நூற்கும்போது போடும் கனிய எண்ணெய் மிளகில் ஏறும். தாவர எண்ணெய் போட்ட உணவுத்தரச் சாக்கென்று கேட்டு வாங்கவேண்டும். மூட்டை அடுக்கும் பலகைத் தட்டில், பூச்சி சாக 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். 2017 டிசம்பரில் ஒரு வண்டு தென்பட்டதற்காக ரஷ்யா நம்முடைய தேயிலை முழுவதையும் சில நாள் நிறுத்தியது நினைவிருக்கும். அது தேயிலையைத் தின்னும் வண்டுகூட இல்லை. சரக்கு எவ்வளவு சுத்தமென்றாலும் அதைச் சுற்றியிருக்கும் பலகையும் சாக்கும் சேர்த்துத்தான் சரக்கு.

கொன்டெய்னருக்குள் மழை பெய்யும். கவிதைக்குச் சொல்லவில்லை. கொழும்பு வெக்கையில் அடைத்த காற்று, குளிர்க் கடலுக்குப் போனதும் கூரைத் தகட்டில் நீராகி மேல் மூட்டைகளில் சொட்டும். 2023 கடைசியிலிருந்து செங்கடல் பிரச்சினையால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக, பயணம் வழக்கத்தைவிட இரண்டு கிழமைவரை கூடியது. ஈர உறிஞ்சிப் பைகளை நாங்கள் இரட்டிப்பாக்கினோம். மேல் அடுக்கில் தடித்த கடதாசி. ஏற்றும் நாள் மழையென்றால் ஏற்றுவதில்லை. முகவர் கத்துவார், கத்தட்டும்.

விதி மாறுவதை வாங்குபவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையில் இருக்காதீர்கள். 2016இல் தொடங்கிய ஈபிங் என்ற இலவச எச்சரிக்கைச் சேவை உண்டு. எந்த நாடு, எந்தப் பயிர் என்று பதிந்துவிட்டால், உலக வர்த்தக அமைப்புக்கு அறிவிக்கப்படும் புதிய வரைவுகள் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள். சிறு கம்பனி ஒன்றின் கருத்தை யார் கேட்பார் என்று நானும் நினைத்தேன். குறைந்தபட்சம், அடுத்த பருவத்துக்கு எந்த மருந்தைத் தெளிக்கவேண்டாமென்று பறிப்பதற்கு முன்பே சொல்ல முடிகிறது. தனி எல்லை குறிக்காத பீடைகொல்லிக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் பொது எல்லை. பறித்த பிறகு தெரிந்து பயனில்லை.

2022இல் எல்லாம் கவிழப் பார்த்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியது. ஏற்றுமதியாளருக்கு நல்ல காலம்தானே என்றார்கள். டீசல் இல்லாமல் லொறி மாத்தளையிலேயே நின்றது. ஆய்வுகூடங்களுக்கு இரசாயனம் வருவதே பாடாக இருந்தது. அந்த மூன்று மாதம் மிளகு கடைக்காரரின் களஞ்சியத்தில் கிடந்தது. நான் வெள்ளவத்தையில் பெட்ரோல் வரிசையில் நின்றபடி தினமும் அவருக்கு போன் எடுத்து ஈரம் கேட்பேன். 11.6, 11.7, 11.7. 12க்குக் கீழே காய்ந்த மிளகு காத்திருக்கும். பழைய மாதிரி 16இல் வாங்கியிருந்தால் அந்தப் பருவத்தை முழுசாகக் கடலில் கொட்டியிருப்போம்.

முன்பணம் வாங்கியவர்களில் இரண்டு பேர் விலை ஏறிய நேரம் மிளகை வேறு கைக்கு விற்றுவிட்டார்கள். கடைக்காரர் அவர்களுடைய பெயரைக் கொப்பியில் வெட்டவில்லை, நானும் சொல்லவில்லை. அதில் ஒருவர் போன மாதம் ஓட்டோவில் மூன்று மூட்டை கொண்டுவந்து இறக்கினார், பழைய கணக்குக்கு என்று. கடைக்காரர் கண்கலங்கி என்னைப் பார்த்தார். நான் குத்தூசியால் எடுத்து ஈரமானியில் போட்டேன்.

13.1.

இரண்டாவது விலையைத்தான் போட்டோம்.